பென்சிலில் ஒரு பெர்லின் தெரு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் (1880–1938) பெர்லின் தெருக்களில் வரைந்த பென்சில் ஸ்கெட்ச்களைப் பற்றி எழுதியிருந்தோம். 1913 முதல் 1915 வரை அவர் தீட்டிய புகழ்பெற்ற தெருக்காட்சி ஓவியங்களுக்கு விதை, பாக்கெட்டில் அடங்கும் நோட்டுகளில் அவர் போட்ட இந்தக் கோடுகள்தான். பலரும் கேட்டிருந்த கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்கெட்ச்சை வீட்டில் காட்டினேன். "நம்ம பிள்ளையே இதைவிட நல்லா வரையுமே" என்றார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிறுக்கலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– வாசகி, மதுரை

பொருள் மாறும்போது கோடும் மாறுகிறதா என்று பாருங்கள். கிறுக்கலில் மரத்துக்கும் மனிதனுக்கும் சுவருக்கும் ஒரே கோடுதான் ஓடும். குழந்தைகளின் படத்துக்கு வேறு அழகு உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோடு கிடையாது. கிர்ஷ்னரின் தாளில் உண்டு.

இந்த ஸ்கெட்ச்களில் திரும்பத் திரும்ப வரும் ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். இறகு செருகிய தொப்பி, ஃபர் காலர் வைத்த ஓவர்கோட், ஒடுங்கிய பாவாடை, கூர்முனை ஷூவோடு நடைபாதையில் வரும் பெண். இறகுக்கு மணிக்கட்டை ஒரே ஒரு முறை உதறியிருக்கிறார். தொடங்கிய இடத்தில் கறுப்பு, நுனியில் தேய்ந்து காணாமல் போகும் கோடு. காலருக்கு, பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஓட்டிய ரம்பப்பல் கோடு. ஒரு முடியைக்கூடத் தனியாக வரையவில்லை, ஆனால் ஃபரின் அடர்த்தி வந்துவிடுகிறது. தோளிலிருந்து பாவாடை விளிம்பு வரை ஒரே நீளக் கோடு. அதற்கு முன்கை முழுவதும் நகர்ந்திருக்க வேண்டும். முகத்துக்கு மூன்று நான்கு வெட்டுகள்தான்: நெற்றியும் மூக்கும் சேர்ந்து ஒரு சாய்வு, கண்ணுக்குக் குத்தி அழுத்திய ஒரு கறுப்பு, தாடைக்கு ஒரு கோணம். பின்னால் வரும் ஆண்கள் வெறும் செங்குத்துக் கறுப்புப் பட்டைகள். ஐந்து பொருள், ஐந்து விதமாகக் கை நகர்ந்திருக்கிறது.

அவருக்கு "வரையத் தெரியாது" என்பதும் சரியல்ல. டிரெஸ்டனில் கட்டடக்கலை படித்து 1905இல் முடித்தவர். ஸ்கேல் வைத்துக் கட்டடம் வரையப் பழகிய கை அது. அதே ஆண்டு ஜூனில் ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப், ப்ளெய்ல் ஆகிய மூவரோடு சேர்ந்து 'டி ப்ரூக்கே' (பாலம்) என்ற குழுவைத் தொடங்கினார். மாடலைக் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நிலை மாறச் சொல்லி வரைவது அவர்களுடைய பயிற்சி. பதினைந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் வரைய முடியாது. எதை விடுவது என்று தீர்மானித்தாக வேண்டும். தெருவில் அந்தப் பதினைந்து நிமிடமும் கிடையாது. சாதாரண நடையில் ஒருவர் உங்களுக்கு முன்னால் 10 மீட்டரைக் கடக்க ஏழெட்டு விநாடி போதும். அந்த ஏழெட்டு விநாடிக்குள் கண் எதைப் பிடித்தது என்பதன் பதிவுதான் இந்தக் கோடு. கிர்ஷ்னர் தன் வடிவங்களை 'ஹைரோகிளிஃப்' என்றே குறிப்பிட்டார். எகிப்தியச் சித்திர எழுத்தைப்போல, பார்த்ததை ஒரு குறியாகச் சுருக்குவது என்ற பொருளில்.

"உணர்ச்சி மிக்க கோடு" என்று எழுதுகிறீர்கள். அதை எப்படிப் பார்ப்பது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும். உணர்ச்சியை முதலில் தேடவே தேடாதீர்கள். கை என்ன செய்தது என்று தேடுங்கள். உணர்ச்சி அதன் பின்னாலேயே வரும்.

முதலில் படத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரம் மங்கி, கறுப்பு குவிந்த இடங்கள் மட்டும் தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்கள்தான் இருக்கும். ஓவியரின் கவனம் நின்ற இடங்கள் அவை. பிறகு கிட்டே வந்து, ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அதன் தலையையும் வாலையும் கண்டுபிடியுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. படத்தை மொத்தமாகப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். பென்சில் தாளில் இறங்கிய இடம் பெரும்பாலும் கொஞ்சம் கறுத்திருக்கும். முடிவு கூர்ந்து தேய்ந்திருந்தால், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்சிலைத் தூக்கியிருக்கிறார். முடிவு மழுங்கியோ புள்ளியாகவோ இருந்தால், அங்கே கையை நிறுத்தியிருக்கிறார்.

அடுத்து வேகம். தாளின் மேற்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் மேடு பள்ளம் உண்டு. மெதுவாக அழுத்திப் போகும் கோட்டில் கிராஃபைட் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். கோடு நிறைந்து கறுப்பாக இருக்கும், லேசான நடுக்கமும் தெரியும். வேகமாக, லேசாக ஓடிய கோடு மேடுகளை மட்டும் தொட்டுப் போகும். நடுவில் வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டுத் தெரியும், வளைவு நடுக்கமில்லாமல் இருக்கும்.

பிறகு எந்த மூட்டு அசைந்தது என்று பாருங்கள். விரல் மட்டும் அசைந்தால் இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் கோடு நீளாது. மணிக்கட்டு அசைந்தால் அது விசிறிபோல வளையும். முன்கை நகர்ந்தால்தான் நேரான நீளக் கோடு கிடைக்கும். இதைக் கண்டுகொள்ள எளிய வழி, ஆள்காட்டி விரலால் காற்றில் அந்தக் கோட்டை அதே வேகத்தில் போட்டுப் பார்ப்பது. தோளும் மணிக்கட்டும் தாமாகவே சொல்லிவிடும்.

கடைசியாக இடைவெளி. முகத்தின் வெளிச்சப் பக்கத்தில் கோடே இருக்காது, நம் கண்தான் அதை மூடிக்கொள்ளும். சுற்றிலும் முழு அவுட்லைன் போட்ட உருவம் வெட்டி ஒட்டிய பொம்மைபோல நின்றுவிடும். விட்ட இடத்தின் வழியாகத் தெருவின் காற்று உருவத்துக்குள் போய் வருகிறது.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும், கிர்ஷ்னரிடம் நாங்கள் மிகவும் விரும்புவதும் இதைத்தான். நிழலுக்குப் போடும் சாய்கோடுகள் பொதுவாக உருவத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கும். இவருடையவை எல்லையைத் தாண்டி, சிலிர்த்த இறகுபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓவர்கோட்டின் சாய்கோடும் பின்னால் உள்ள சுவரின் சாய்கோடும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஆள் எங்கே முடிகிறார், தெரு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கூட்ட நெரிசலில் நாம் உணரும் அந்தப் படபடப்பு இங்கிருந்துதான் வருகிறது. மனிதரின் முகபாவத்திலிருந்து அல்ல. முகங்கள் கிட்டத்தட்ட முகமூடிகள்தான்.

ஒரே தோளுக்கு மூன்று கோடுகள் போட்டிருக்கிறார். தப்பை அழிக்காமல் விட்டுவிட்டாரா?
– கலைக் கல்லூரி மாணவி, சென்னை

தப்பு என்று அவர் நினைக்கவில்லை என்பதே விடை. முதல் கோடு ஒரு ஊகம். ஆள் நகர்ந்ததும் இரண்டாவது. மூன்றாவது, முடிவு செய்த கோடு. பெரும்பாலும் அதுதான் மிகக் கறுப்பு. மூன்றும் தாளில் இருப்பதால் நடந்த நேரமும் தாளில் இருக்கிறது. ரப்பர் போட்டிருந்தால் அந்த நேரம் போயிருக்கும், அழித்த இடத்தில் தாள் மயிர்விட்டு அடுத்த கோடும் பிசிறடித்திருக்கும்.

ஆனால் இதைச் சாக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. மாணவர்கள் பலர் போடும் 'மயிர்க்கோடு' வேறு: அரை அங்குலத் துண்டுகளாக, ஒன்றின் வாலில் இன்னொன்றைத் தைத்துக்கொண்டே போவது. அதில் ஒவ்வொரு துண்டும் பயந்து நிற்கிறது. கிர்ஷ்னரின் மூன்று கோடுகளில் ஒவ்வொன்றும் தோளிலிருந்து முழங்கை வரை முழுதாகப் போய் முடிகிறது. வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, ஒவ்வொரு கோடும் முழுப் பயணம் போனதா என்பதில் இருக்கிறது.

கட்டடக்கலை படித்தவர் என்கிறீர்கள். தெரு ஏன் இப்படிச் சரிந்து கிடக்கிறது? பெர்ஸ்பெக்டிவ் எங்கே?
– வாசகர், யாழ்ப்பாணம்

தெரிந்தே விட்டது. பாடப்புத்தகப் பெர்ஸ்பெக்டிவில், அதாவது தூரத்தைத் தாளில் காட்டும் முறையில், பார்ப்பவர் ஒற்றைக் கண்ணோடு ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறார். கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரு புள்ளிக்கு ஓடும். கிர்ஷ்னர் நடைபாதை விளிம்பைச் செங்குத்தான சாய்வாக இழுத்து, தரையையே நம்மை நோக்கித் தூக்கிவிடுகிறார். தரை தூக்கியதும் ஆட்கள் வழுக்கி முன்னால் வருவதுபோல் ஆகிறது.

1914இல் வரைந்த 'போட்ஸ்டாமர் பிளாட்ஸ்' என்ற பெரிய ஓவியத்தில் இது உச்சத்தில் இருக்கிறது. வட்டமான போக்குவரத்துத் திட்டில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், பின்னால் செங்கல் நிற ரயில் நிலையம், கத்தரிக்கோல்போலக் காலை விரித்து நடக்கும் ஆண்கள். திட்டின் வட்டம் ஒரு கோணத்திலிருந்து பார்த்தது, கட்டடங்கள் இன்னொரு கோணத்திலிருந்து பார்த்தவை. அந்தக் கேன்வாஸ் 200க்கு 150 செ.மீ.; பெர்லினில் நோய நாஸியோனால்கேலரி என்ற அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கிறது. பாக்கெட் நோட்டில் பிறந்த கோணல், ஆளைவிட உயரமான ஓவியம் வரை திருத்தப்படாமல் வந்திருக்கிறது.

அவருடைய கோடே ஊரோடு மாறியதையும் கவனிக்கலாம். டிரெஸ்டன் காலத்தில் வளைந்து நெளியும். 1911இல் பெர்லினுக்குக் குடிபோன பிறகு கோணமாக உடையும். மரச்செதுக்கு அச்சில் நிறைய வேலை செய்தவர் என்பதும் ஒரு காரணம். உளி மரத்தில் ஆப்புபோல இறங்கி ஏறும். அந்த ஆப்பு வடிவம் பென்சிலிலும் தெரிகிறது.

அந்தப் பெண்கள் யார்?
– வாசகி, திருச்சி

பலரும் பெர்லின் தெருக்களில் வாடிக்கையாளரைத் தேடி நடந்த பாலியல் தொழிலாளர்கள். 'கொக்கொட்டன்' என்று அன்று சொல்வார்கள். தொப்பி இறகும் ஃபர் காலரும் அடையாளம். கடைக் கண்ணாடி முன் நிற்பது, கடந்து போகும் ஆணின் கண் மட்டும் திரும்புவது, இப்படிப்பட்ட ஒரு நொடிக் காட்சிகள் நோட்டுகளில் நிறைய. கேலியோ இரக்கமோ இந்தக் கோட்டில் இல்லை. வண்டிச் சக்கரத்துக்குத் தந்த அதே கூர்மையை அவர்களுக்கும் தந்திருக்கிறார்.

ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கருவி வேறு என்பதை மட்டும் மறக்காமல் பார்க்கலாம். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் வரைந்தது கறுப்பு மையில். மையில் அழுத்தினால் கோடு தடிக்கும், ஆனால் கறுப்பு அதே கறுப்பு. பென்சிலில் அழுத்தினால் தடிப்பு கொஞ்சமே கூடும், கறுப்புதான் ஏறும். ஆகவே மையில் தடிப்பையும் இடைவெளியையும் படிக்க வேண்டும், பென்சிலில் சாம்பல் முதல் கறுப்பு வரையிலான படிகளைப் படிக்க வேண்டும். இன்னொன்று, காந்தியின் முகம் நமக்கு முன்பே தெரியும். கோடு எவ்வளவு தூரம் போனாலும் நாம் பின்தொடர்கிறோம். பெயர் தெரியாத தெருவில் அந்தப் பிடி கிடையாது. கோடு மட்டுமே நம்மை நடத்திச் செல்ல வேண்டும்.

இணையத்தில் ஒரே ஸ்கெட்ச் ஓரிடத்தில் வெளிறியும் ஓரிடத்தில் கன்னங்கரேலென்றும் இருக்கிறது. எதை நம்புவது?
– வாசகர், சேலம்

வெளிறியதை நம்புங்கள். கிராஃபைட் ஒருபோதும் மைபோலக் கறுப்பாகாது. எவ்வளவு அழுத்தினாலும் ஈயச் சாம்பல் பளபளப்புதான். படம் 'தெளிவாக' இருக்கட்டும் என்று யாரோ கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் மூன்று கேடு நடக்கும். லேசான முதல் கோடுகள் மறைந்துவிடும், அழுத்தத்தின் படிகள் எல்லாம் ஒரே கறுப்பாகும், தாளின் நிறம் வெள்ளையாகி வயது போய்விடும். தாளின் மஞ்சள் நிறமும் சுருக்கமும் தெரிகிற படமே பார்க்கத் தகுந்தது.

அளவையும் பாருங்கள். அருங்காட்சியகத் தளங்களில் செ.மீ. கணக்கு கொடுத்திருப்பார்கள். அந்த அளவில் ஒரு செவ்வகத்தைத் தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால், திரையில் ஆவேசமாகத் தெரிந்த கோடு உண்மையில் நகம் நீளம்தான் என்று புரியும். வேகத்தைப் பற்றிய கணிப்பே அதன் பிறகு மாறிவிடும். சுவிட்சர்லாந்தில் தாவோஸ் நகரிலுள்ள கிர்ஷ்னர் அருங்காட்சியகத்தில் அவருடைய ஸ்கெட்ச் நோட்டுகளின் பெரும் தொகுப்பு இருக்கிறது. 1918 முதல் கடைசிவரை அவர் வாழ்ந்தது அந்த ஊர்ப் பக்கம்தான். பெர்லினில் ப்ரூக்கே அருங்காட்சியகம், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஷ்டேடல் அருங்காட்சியகம் ஆகியவற்றையும் தேடுங்கள்.

படத்தின் மேல் எழுதிய ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிர்ஷ்னர் தன் படைப்புகள் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் முந்தைய ஆண்டுகளை எழுதிவைத்தார். தான் யாரையும் பின்பற்றவில்லை என்று காட்டும் தவிப்பு. 'லூயி த மார்சால்' என்ற கற்பனைப் பெயரில் தன்னைப் பற்றித் தானே கட்டுரைகள் எழுதியவர் அவர். அருங்காட்சியகம் தரும் ஆண்டே பாதுகாப்பானது.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இதே முறையில் வரைய ஆசை. என்ன பென்சில், என்ன தாள், எங்கே தொடங்குவது?
– வாசகர், விருதுநகர்

4பி அல்லது 6பி பென்சில் இரண்டு. எச்பி வேண்டாம், அதில் களிமண் பங்கு கூடுதல், எவ்வளவு அழுத்தினாலும் நடுச் சாம்பலோடு நின்றுவிடும், அழுத்தத்தின் வித்தியாசம் தெரியாது. ஷார்ப்னரில் ஊசிபோலச் சீவாமல், பிளேடால் சீவி ஏறக்குறைய ஒரு செ.மீ. ஈயம் வெளியே தெரியும்படி வையுங்கள். நுனியால் மெல்லிய கோடு, சாய்த்தால் பட்டைக் கோடு, இரண்டும் ஒரே பென்சிலில் கிடைக்கும். தாள் 120 முதல் 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) கார்ட்ரிட்ஜ், ஏ6 அல்லது ஏ5 நோட்டு. வழவழ ஆர்ட் தாளில் பென்சில் வழுக்கும், கறுப்பு பிடிக்காது. ரப்பரை வீட்டில் வைத்துவிடுங்கள்.

முதல் நாள் உருவமே வரையாதீர்கள். ஒருவர் நடந்து வரும்போது தலையிலிருந்து ஊன்றிய கால் வரை ஒரு கோடு, தோளுக்கு ஒரு சாய்வு, இடுப்புக்கு எதிர்ச் சாய்வு. அவ்வளவுதான். பத்து விநாடிக்கு ஓர் ஆள், ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுப் பேர், ஐந்து பக்கம். ஆள் போன பிறகு ஞாபகத்திலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது. இரண்டாம் நாள், ஒவ்வொருவருக்கும் கண்ணில் பட்ட ஒரே ஒரு பொருளை மட்டும் சேருங்கள்: தலைச்சுமை, குடை, மடித்துக் கட்டிய வேட்டி. மூன்றாம் நாள்தான் தெரு. அதிலும் தரைக்கும் சுவருக்கும் இடையே ஒரு நீளக் கோட்டை முதலில் போட்டுவிட்டு, ஆட்களை அதன் மேல் ஊன்றுங்கள். மிகக் கறுப்பான இடம் பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்.

என்ன கெடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். தலையை முதலில் பெரிதாக வரைந்துவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் போகும். காலை முதலில் குறித்தால் தீரும். கடைப் பலகை எழுத்தையும் ஜன்னல் கம்பியையும் எண்ணி எண்ணி வரைவீர்கள், அதற்குள் தெரு நின்றுவிடும். பென்சிலை எழுதுவதுபோல நுனிக்கு அருகே பிடித்தால் எல்லாக் கோடும் எழுத்து அளவுக்குக் குறுகும். பாதி நீளத்துக்குப் பின்னால் பிடியுங்கள். கடைசியாக, கிர்ஷ்னரின் ரம்பப்பல் கோட்டை அப்படியே எடுத்துப் போடும் ஆசை வரும். அது ஃபர் காலருக்கும் பெர்லின் குளிருக்கும் பிறந்த கோடு. சித்திரை வெயிலில் ஒட்டிக் கிடக்கும் காட்டன் சேலைக்கு வேறு கோடு வேண்டும். அதை அந்தச் சேலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு துணைப் பயிற்சி: பிடித்த ஸ்கெட்ச்சின் அச்சுப் பிரதி மேல் டிரேசிங் தாள் வைத்து, ஒரு முறை மெதுவாக அதன் மேலேயே ஓட்டுங்கள், இன்னொரு முறை, தவறினாலும் பரவாயில்லை என்று அவர் வேகத்தில் போடுங்கள். முதலாவது அளவில் சரியாக இருக்கும், ஆனால் கம்பி வளைத்ததுபோலச் செத்திருக்கும். இரண்டாவது இடம் தவறியிருக்கும், ஆள் நடப்பார்.

பென்சில் படங்கள் நோட்டிலேயே ஒன்றோடொன்று உரசி மங்கிவிடுகின்றன. என்ன செய்வது?
– வாசகி, புதுச்சேரி

கிராஃபைட் தாளில் ஊறுவதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது; அதனால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். பக்கத்துக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள், நோட்டை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். பக்கங்கள் நகர்ந்தால்தான் உரசல். ஃபிக்ஸட்டிவ் (கோடு உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிப்பதானால் 30 செ.மீ. தள்ளி, காற்றோட்டமான இடத்தில், இரண்டு மெல்லிய பூச்சு. கிட்டே வைத்து அடித்தால் ஈரம் தங்கித் தாளில் கறை விழும். ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுன்ட் அட்டை இருக்கட்டும். கடலோர ஊரில் இது கட்டாயம், இல்லையென்றால் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பென்சில் வெயிலுக்கு வெளிறாது, ஆனால் மலிவான தாள் பழுப்பேறும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள்.